காலையில் மட்டும் நிற்கும் ரோபோ: ஒரு செம்பனை நர்சரியின் கேபிள் கோளாறு

பின்னணி

ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இங்குள்ளவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிக அளவில் நடப்பட்டதே 1917இல், இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். பெயர் தென்னை, நட்டது செம்பனை! அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கிறார்கள். தோட்டத்து வேலைக்கு ஆள் பிடிப்பது முன்புபோல் இல்லை.

ஆள் கிடைக்காததால் ரோபோ வாங்கிய ஒரு தனியார் நர்சரியில் நான் பழுது பார்த்ததைப் பற்றியது இந்தக் குறிப்பு. பெரிய பாலிபேக்கில் வளரும் கன்றுகளை முக்கோண அமைப்பில் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். அதில் 40 வரிசை கொண்ட ஒரு பகுதிக்கு இருபுறமும் தண்டவாளம் போட்டு, குறுக்கே ஒரு பாலம்போல ரோபோ ஓடுகிறது. பூச்சிமருந்து தெளிக்கும், ஒவ்வொரு கன்றையும் படம் எடுக்கும். மோட்டார்களுக்கு பேட்டரி. உள்ளே இருக்கும் சின்னக் கணினிக்கு மட்டும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே 48 வோல்ட் கரண்ட் போகிறது. பேட்டரி மாற்றும்போது கணினி அணைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

கேபிள் ஸ்டோர் அறையில் தொடங்கி, செம்மண் பாதைக்கு அடியில் பிவிசி குழாய்க்குள் போய், தண்டவாளத்தின் நடுவில் உள்ள ஒரு பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ரோபோவோடு சேர்ந்து வளைந்து நகரும் பிளாஸ்டிக் சங்கிலிக்குள் நுழைந்து ரோபோவை அடைகிறது. வைஃபை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். நீர்த்தெளிப்பான் ஓடும்போது ஈர இலைகளுக்கு நடுவே சிக்னல் தடுமாறும் என்ற அந்தக் கணிப்பில் தவறில்லை. கேபிள் போட்ட விதத்தில்தான் தவறு.

முதல் புகாரும் எலிமேல் விழுந்த பழியும்

அக்டோபர் மழையோடு பிரச்சினை தொடங்கியது. ரோபோ பாதி வரிசையில் நின்றுவிடும். ஸ்டோர் கணினியிலிருந்து இரண்டு விநாடிக்கு மேல் பதில் வராவிட்டால் சக்கரம் நிற்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஆகவே நின்றது சரி, ஏன் பதில் வரவில்லை என்பதுதான் கேள்வி. ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நடந்துபோய் சிவப்புப் பொத்தானை விடுவித்து மறுபடி ஓட்டுவார். சில நாள் ஒரு தடவை, சில நாள் ஐந்து தடவை.

முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. "எலிதான் தம்பி. வேற எது?" என்றார். செம்பனைத் தோட்டத்தில் இப்படிச் சொல்வது மூடநம்பிக்கை அல்ல. எலித் தொல்லைக்காகவே பெட்டி கட்டிக் கூகை வளர்க்கும் தோட்டங்கள் இங்கே உண்டு. வெளியே தெரிந்த கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு பல் தடம்கூட இல்லை.

எனக்கு அழைப்பு வந்தது இந்த நிற்றலுக்காக அல்ல. ஒரு நாள் ரோபோ நின்றபோது சக்கரம் மட்டும் நின்றது, மருந்துக் குழாய் திறந்தே இருந்தது. அக்கா மறுமுனையில் இருந்ததால் ஓடி வருவதற்குள் ஏழெட்டுக் கன்றுகள் மருந்தில் குளித்துவிட்டன. இரண்டு நாளில் இலை நுனி கருகியது. அதற்குப் பிறகுதான் விஷயம் அவசரமானது.

கேபிளைத் தொடுமுன் வால்வு

அதனால் நான் செய்த முதல் வேலை நெட்வொர்க் சம்பந்தப்பட்டதே அல்ல. கரண்ட் இருந்தால் மட்டும் திறக்கும், கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகை வால்வை மருந்துக் குழாயில் வைத்தோம். அதன் கரண்டை, சக்கரத்தை நிறுத்தும் அதே ரிலேயோடு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) சேர்த்தோம். பழுது கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, அதுவரை ஒவ்வொரு நிற்றலும் கன்றுகளைக் கருக்கக் கூடாது. அரை நாள் வேலை. இந்த ஒரு முடிவைப் பற்றி இன்றும் எனக்கு மறுயோசனை இல்லை.

அடுத்து நான் செய்தது பெருமைப்படும்படி இல்லை. மாலை நான்கு மணிக்கு ஸ்டோரில் இருந்த பழைய நெட்வொர்க் சுவிட்சையும் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி), அதிலிருந்து போகும் குட்டைக் கேபிளையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். எட்டு விளக்கு எரியும் சாதாரண கேபிள் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன், எட்டும் வரிசையாக எரிந்தன. ஒரு மணி நேரம் பிங் ஓட்டினேன், அதாவது சின்னச் சின்னத் தகவல் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை. "சரியாகிடுச்சு அண்ணே" என்று சொல்லி 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை எட்டேகாலுக்கு ரோபோ நின்றது.

அந்த டெஸ்டர் காட்டுவது கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டும்தான். நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் தொடர்பிலும் அந்த விளக்கு எரியும்.

இரண்டு நாள் சுகம்

இதற்கிடையில் ரோபோவைச் செய்து கொடுத்த பட்டறையிலிருந்து ஒருவர் தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து ஓர் அமைப்பை மாற்றினார். கணினியின் நெட்வொர்க் வேகத்தைத் தானாகத் தீர்மானிக்க விடாமல், 100 மெகாபிட், முழு இருவழி என்று கையால் பூட்டினார். இரண்டு நாள் ரோபோ நிற்கவே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் பார்த்தால் கன்றுகளின் படங்கள் பாதிப் பாதியாக வந்திருந்தன, சில வரவே இல்லை. பிறகு நிற்றலும் திரும்பியது.

இந்த இரண்டு நாள் சுகம்தான் எங்களை ஒரு வாரம் சுற்றவிட்டது. உண்மையில் நடந்தது இதுதான். கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்புக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், அதாவது 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள். மற்ற இரண்டு ஜோடியில் எங்கோ பழுது இருந்ததால், வேகத்தைக் குறைத்ததும் பழுதுபட்ட கம்பிகள் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டன. நோய் போகவில்லை, வலி மட்டும் போயிற்று.

புதிய தொல்லை ஒன்றும் கூடவே வந்தது. ஒரு முனையைக் கையால் பூட்டிவிட்டு மறுமுனையைத் தானியங்கியாக விட்டால், மறுமுனைக்கு வேகம் மட்டும் புரியும், இருவழியா ஒருவழியா என்பது புரியாது. புரியாவிட்டால் அது ஒருவழி என்றே எடுத்துக்கொள்ளும். ஒருவர் நினைத்த நேரத்தில் பேசுகிறார், இன்னொருவர் எதிராளி பேசும்போது வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கிறார். போக்குவரத்து குறைவாக இருந்தால் எதுவும் தெரியாது. பிங் அழகாக ஓடும். பெரிய படம் அனுப்பும்போதுதான் முட்டிமோதும். பிழைக் கணக்குக் காட்டும் மேனேஜ்டு சுவிட்சு ஒன்றை என் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் இது கண்ணில் பட்டது. ஸ்டோர் பக்கம் 'தாமத மோதல்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பூட்டை எடுத்துவிட்டு இரு முனையையும் தானியங்கிக்கே திருப்பினோம். பழைய நிற்றல் அப்படியே திரும்பி வந்தது. உண்மையான நோயை மறுபடி பார்க்க முடிந்ததில் எனக்குச் சந்தோஷம். முதலாளிக்கு அவ்வளவாக இல்லை.

555 புத்தகம் சொன்னது

மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகம் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும். அக்கா அதில் ஒன்றை வைத்துக்கொண்டு, ரோபோ நின்ற ஒவ்வொரு முறையும் மணியும் வரிசை எண்ணும் எழுதியிருந்தார். யாரும் சொல்லி அல்ல. "அப்புறம் என்னைத்தானே கேப்பாங்க" என்றார். மூன்று வாரமாக அது மேசை இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது, நான் கேட்கவில்லை.

23 நிற்றல்கள். அதில் 14 காலை ஏழரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில். வரிசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, மூன்றிலும் நின்றிருக்கிறது, இருபத்தைந்திலும் நின்றிருக்கிறது. மீதி ஒன்பது எந்த நேரத்திலும் நடந்திருக்கின்றன, ஆனால் எல்லாம் 31க்கும் 36க்கும் இடைப்பட்ட வரிசைகளில்.

மொத்தமாகப் பார்த்தபோது குழப்பமாக இருந்தது, இரண்டாகப் பிரித்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கோளாறு நேரத்தைப் பின்பற்றுகிறது, இன்னொன்று இடத்தைப் பின்பற்றுகிறது. நாங்கள் தேடியது ஒரு திருடனை, இருந்தது இரண்டு பேர்.

காலை ஏழு மணிக்கு நீர்த்தெளிப்பான் ஓடும். அரை மணி நேரத்தில் முதல் நிற்றல். வெயில் ஏறிய பிறகு தானாகச் சரியாகிவிடும். நான் போனதெல்லாம் மாலையில். எப்படிக் கண்ணில் படும்?

ரோபோ கணினியின் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். காலை நிற்றல்களில் பலவற்றில் இணைப்பு மட்டும் அறுந்து திரும்பியிருந்தது. நான்கில் கணினியே அணைந்து புதிதாக எழுந்திருந்தது. அப்படியானால் தகவல் மட்டுமல்ல, கரண்டும் அந்த நேரத்தில் தள்ளாடுகிறது.

பாதி பாதியாக

மறுநாள் காலை ஆறரைக்கே போய்விட்டேன். அக்கா கொடுத்த கோப்பியோடு நடுப்பெட்டி அருகே உட்கார்ந்தேன். ரோபோவுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு என் மடிக்கணினியை அங்கே மாட்டினேன். இப்போது சங்கிலியும் ரோபோவும் ஆட்டத்தில் இல்லை. மோட்டாரின் மின் இரைச்சலாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மோட்டாரே ஓடாத நிலையில் இந்தச் சோதனை அதையும் தீர்த்துவிடும்.

ஏழு மணிக்குத் தெளிப்பான் ஓடத் தொடங்கியது. ஏழு இருபத்திரண்டுக்கு சிஆர்சி பிழை எண், அதாவது சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை, ஏற ஆரம்பித்தது. ஏழு முப்பத்தைந்துக்கு இணைப்பு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. வேகம் பேசி முடிவு செய்யும் வேலை நல்ல ஜோடிகளில் நடப்பதால் இரு முனையும் 'கிகாபிட்தான்' என்று ஒப்புக்கொள்ளும். ஓடத் தொடங்கியதும் கெட்ட ஜோடி கைவிடும். மறுபடி முதலிலிருந்து பேச்சு. சில சுற்றுக்குப் பிறகு 100க்கு இறங்கி நிலைத்தது. அந்தச் சில விநாடிகள் போதும், ரோபோ நிற்க.

பிறகு கேபிளை ரோபோவிடம் திருப்பிக் கொடுத்து, கேபிளிலிருந்து கரண்டைப் பிரித்தெடுக்கும் இடத்தில் மீட்டர் வைத்தேன். முந்தைய நாள் மாலையில் 43 வோல்ட் இருந்தது. இப்போது 35க்கும் 38க்கும் நடுவே ஆடியது. இந்த வகைக் கருவிக்கு வந்துசேர வேண்டியது குறைந்தது 37.

ஆக முதல் கோளாறு ஸ்டோருக்கும் பெட்டிக்கும் இடையில், தண்ணீர் தொடும் ஓர் இடத்தில். மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குழாய்க்குள் இருந்தது

கேபிள் எவ்வளவு நீளம் என்று முதலாளியிடம் கேட்டபோது "எழுபது மீட்டர் இருக்கும்" என்றார். அது கண்ணால் பார்த்த நேர்கோட்டுத் தூரம். சுவர், மூலை, குழாய் எல்லாம் சுற்றி டேப்பால் அளந்தால் 94 மீட்டர். சங்கிலிக்குள் இன்னும் 18. மொத்தம் 112. செம்புக் கேபிளுக்கு விதி 100 மீட்டர். அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்பதில்லை, பல இடங்களில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் சின்னக் குறையைத் தாங்கும் தெம்பு போய்விடுகிறது.

குழாய்க்குள்ளிருந்து கேபிளை இழுத்தோம், நானும் நர்சரியில் வேலை செய்யும் ஒரு தம்பியும். முப்பது மீட்டர்போல வந்ததும் ஏதோ தடுக்கியது. மெதுவாக உருவினால், கறுப்பு டேப் சுற்றிய ஓர் உருண்டை. டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே, இரண்டு கேபிளைத் தலைக்குத் தலை சேர்க்கும், வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண ஜாயின்டர். மிச்சமிருந்த இரண்டு துண்டுக் கேபிளை யாரோ சேர்த்து, பாதைக்கு அடியில் குழாயின் தாழ்வான இடத்தில் விட்டிருக்கிறார்கள். தெளிப்பான் ஓடினால் குழாயில் தண்ணீர் இறங்கி அங்கேதான் தேங்கும். மதியத்துக்குள் மெல்லக் கசிந்து போகும்.

பிளக்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். 4, 5 ஆகிய இரண்டு பின்களும் பச்சை பூத்து, ஒன்று பாதிக்குமேல் கரைந்திருந்தது. 7, 8 கறுத்திருந்தனவே தவிர முழுசாக இருந்தன. 1, 2, 3, 6 ஓரளவு பளபளப்பு. ஸ்டோரில் இருந்த கரண்ட் ஏற்றும் கருவி 4, 5இல் நேர்முனையும் 7, 8இல் எதிர்முனையும் அனுப்பும் வகை. ஈரத்தில் 48 வோல்ட் நேர்மின்சாரம் நாள் முழுக்க நின்றால் நேர்முனை உலோகம்தான் கரையும். முலாம் பூசும் தொட்டியில் நடப்பதேதான், இங்கே பாதைக்கு அடியில் ஒரு கைப்பிடி அளவில் நடந்திருக்கிறது. கெட்டது எந்த ஜோடி, வேகத்தைக் குறைத்தபோது ஏன் சுகமானது, கரண்ட் ஏன் தள்ளாடியது, மூன்றுக்கும் பதில் அந்தப் பச்சையில் இருந்தது.

தம்பி சும்மா ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அந்தத் தூரத்துக்குக் கரண்ட் அனுப்ப அது ஏற்றதல்ல. "பாக்ஸ் மேல காப்பர்னுதாண்ணே போட்டிருந்துச்சு" என்றான் அவன். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்ததோடு சரி, யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் கோளாறு இதைவிட எளிது. சங்கிலிக்குள் இருந்தது சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி கேபிள். ஒருமுறை போட்டால் அசையக் கூடாத வகை. ரோபோ 31ஆம் வரிசையைத் தாண்டும்போது வளைவுக்குள் வரும் இடத்தில் உறை வெளுத்திருந்தது. கையால் வளைத்தால் இணைப்பு விழும், நிமிர்த்தினால் எழும்.

என்ன மாற்றினோம், ஏன்

ஜாயின்டரை மட்டும் மாற்றிவிடலாமே என்று முதலாளி கேட்டார். செலவு பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல செம்புக் கேபிளை ஒரே நீளமாகப் போட்டாலும் 112 மீட்டர் 112 மீட்டர்தான். அதோடு இந்த வட்டாரத்து இடி! ஸ்டோருக்கு ஒரு எர்த், தண்டவாளத்துக்கு ஒரு எர்த், நடுவில் நீளமான செம்புக் கம்பி. பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் இடையிலான வித்தியாசம் அந்தக் கம்பி வழியாகவே பாயப் பார்க்கும். இதுவரை தப்பித்தது அதிர்ஷ்டம்.

அதனால் ஸ்டோரிலிருந்து பெட்டி வரை ஃபைபர் போட்டோம், நடுவில் ஒட்டே இல்லாமல். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது, ஈரம் அதன் தகவலைக் கெடுக்காது, இந்தத் தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்டை அனுப்ப முடியாது என்பது அதன் குறை. பேட்டரி சார்ஜ் செய்யப் பெட்டிக்கு ஏற்கனவே கரண்ட் லைன் வந்திருந்ததால், ஃபைபரை மாற்றும் கருவியையும் 48 வோல்ட் ஏற்றும் கருவியையும் அங்கேயே வைத்தோம். அந்தக் கரண்ட் லைனுக்கு, திடீரென எகிறும் கரண்டைத் தடுக்கும் ஒரு சர்ஜ் பாதுகாப்பும் போட்டோம். பெட்டியிலிருந்து ரோபோ வரை, தொடர்ந்து வளைவதற்கென்றே செய்யப்பட்ட பல இழைச் செம்புக் கேபிள். இது வெறும் 18 மீட்டர் என்பதால் விலை கூடினாலும் வலிக்கவில்லை.

பெட்டியின் மேல்பக்கத் துளைகளை அடைத்துக் கேபிள்களைக் கீழிருந்து நுழைத்தோம். நுழையும் முன் ஒவ்வொன்றும் கீழே ஒரு தொங்கல் வளைவு எடுக்கும், வழிந்து வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டிக்குள் இருந்த எறும்புப் புற்றை எடுத்தது தனிக் கதை.

ஒவ்வொன்றாகத்தான் மாற்றினோம். முதலில் ஃபைபர், மூன்று காலை காத்திருப்பு. காலை நிற்றல் போனது, 31க்கு மேற்பட்ட நிற்றல் அப்படியே இருந்தது. பிறகு சங்கிலிக் கேபிள். அதுவும் போனது. முதலில் சுவிட்சையும் குட்டைக் கேபிளையும் ஒன்றாக மாற்றிய ஆளா இது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

மறுபடி செய்தால்

முதல் நாளே காலையில் போயிருப்பேன். கோளாறு எப்போது வருகிறதோ அப்போது போகாமல், எனக்கு எப்போது வசதியோ அப்போது போனதுதான் பாதித் தாமதம். புத்தகம் இருக்கிறதா என்று அக்காவைக் கேட்டிருப்பேன். பட்டறைக்காரர் அமைப்பை மாற்றியது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது ஸ்டோர் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது, யார் எதைத் தொட்டாலும் தேதி போட்டு எழுத வேண்டும். மேனேஜ்டு சுவிட்சை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, முதலாளி விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை அதில் பிழை எண் பார்ப்பது அந்தத் தம்பியின் வேலை. பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே எழுதுகிறான்.

அந்த 180 வெள்ளியைக் கடைசிக் கணக்கில் கழித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது

நவம்பர் மழை முழுக்கத் தாண்டியது. ஆறு வாரத்தில் ரோபோ ஒரே ஒரு தடவை நின்றது. பதறிப்போய் ஓடினேன். பெட்டியில் ஃபைபர் கருவியின் பிளக் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் ஒரு கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவின் 555 புத்தகத்தில் அன்றைய பதிவு: "10.40, வரிசை 12, போன் சார்ஜ்." இப்போது பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறோம். சாவி அக்காவிடம்.